நீலத் தொட்டி இலை

ஜூன் 14, சனிக்கிழமை. சோதனையின் பதினோராம் நாளன்று கோப்பைகளை மாற்றிக் கொடுத்துவிட்டேன். என் கவனக்குறைவுதான்.

பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே மாதிரி மூச்சிரைப்பு. பால்கனியில் நான் வளர்க்கும் மூலிகையின் கஷாயத்தைக் குடித்துத்தான் இருவரும் இரண்டு வருடமாக நடமாடினார்கள். அந்த மருந்தைச் செடி தானாகச் சுரப்பதில்லை என்று நான் போகும் தாவரவியல் மாலை வகுப்பில்தான் தெரிந்தது. இலைக்குள் ஒரு பூஞ்சை குடியிருக்கிறதாம். அது உள்ளேயிருந்து சீண்டச் சீண்டத்தான் செடி மருந்தைச் சுரக்கிறதாம். எனக்கு எதிலுமே சட்டென்று நம்பிக்கை வராது. ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள் என்று ஆசிரியையும் சொல்லியிருந்தார்.

அதனால் கொஞ்சம் விதையை வெந்நீரில் போட்டுப் பூஞ்சையைக் கொன்று, நீலத் தொட்டியில் தனியாக வளர்த்தேன். அதே நிறம், அதே கசப்பு. பழைய சிவப்புத் தொட்டி இலை பெரியப்பாவுக்கு, நீலத் தொட்டி இலை சித்தப்பாவுக்கு; முப்பது நாள் கணக்கு. சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்தேன், ஓரவஞ்சனை கூடாது.

இரண்டாம் வாரம் சித்தப்பா மாடிப்படியில் நாலாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உன் செடிக்கு என் மேல என்னம்மா கோவம்?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் இருமலானது. நான் 'நான்கு' என்று குறித்துக்கொண்டேன்.

கோப்பை மாறிய அன்று மட்டும் மொட்டைமாடி வரை ஏறி, துணி காயப்போட்டுவிட்டு வந்தார். அந்த நாளைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டேன்.

டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்றாள் சித்தி. நடுவில் வேறு மருந்து சேர்ந்தால் எல்லாம் குழம்பிவிடும். புதுச்செடி உடம்புக்குப் பிடிக்க ஒரு மாதமாகும் என்று சொல்லி நிறுத்தினேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

இருபத்தாறாம் நாள் சித்தப்பா இறந்துபோனார். முப்பதுக்கு நான்கு குறைகிறது. கட்டம் போட்ட தாளில் கோடு பாதியில் நிற்பதைப் பார்த்து நன்றாக அழுதேன். ஒருவரை மட்டும் வைத்து எப்படி முடிவுக்கு வருவது?

இன்று பெரியப்பா கூப்பிட்டு என் தலையைத் தடவினார்.

"நீயும் உன்னால ஆனதைச் செஞ்ச. அவன் தொட்டி சும்மா வாட வேண்டாம். இனிமே எனக்கு அதுலயே போட்டுக் குடும்மா."

நான் வற்புறுத்தவில்லை. பெரியவர் வாய்விட்டுக் கேட்கும்போது மறுப்பது மரியாதையாக இருக்காது.

நாளை: காலை ஆறு மணி. நீலத் தொட்டியில் ஏழு இலை. பெரியப்பா ஏறும் படிகளை எண்ண வேண்டும்.