பாலம்மாளுக்குப் போர்த்திய பொன்னாடை

மழை பெய்கிற நாட்களில் எங்கள் மையத்தில் கூட்டம் அதிகமாக இருக்கும். வெடி வேலைக்கு வெயில் வேண்டும். வெயில் இல்லையென்றால் திரி காயாது, வெடிமருந்து காயாது, பிள்ளைகளுக்கு வீட்டில் வேலை இருக்காது. நனைந்த தலையோடு, பையை வயிற்றில் அணைத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்துவிடுவார்கள். அதனால் எனக்கு மழை பிடிக்கும். இன்ஸ்பெக்டர் மேடம், என்னைப் பற்றி உங்களிடம் சொன்னவர்கள் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் பெயர் சொர்ணலட்சுமி. ஆமத்தூருக்குத் தெற்கே, பேருந்து திரும்பிப் போகிற கடைசி ஊரில், ஓர் அறக்கட்டளையின் மாலைப் படிப்பு மையத்தை நடத்துகிறேன். அதை 'நடத்தினேன்' என்று மாற்றி எழுத வேண்டாம். இன்னும் யாரும் என்னை நீக்கவில்லை.

எங்கள் அறக்கட்டளை மாலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லித் தரும். சுண்டல் தரும். ஆனால் பள்ளி, விடுதி, உடை, புத்தகம், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு கல்லூரி என்று எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வது சிலருக்கு மட்டும்தான். பட்டாசு விபத்தில் தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைகளுக்கு. உதவி செய்கிறவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் கேட்டது அதைத்தான். அந்த விதியை நான் போடவில்லை. அந்த விதியால் வளர்ந்தவள் நான்.

என் அம்மா ஒரு கம்பெனியில் மருந்து அறையில் வேலை செய்தாள். சனிக்கிழமை மிச்சம் வைத்த மருந்தைத் திங்கட்கிழமை காலையில் திறந்து கிளறினாள். அப்போது நான் ஆறாம் வகுப்பு. அந்த வருடமே அறக்கட்டளை என்னை எடுத்துக்கொண்டது. நல்ல விடுதி, நல்ல பள்ளி, கன்னியாகுமரிக்குச் சுற்றுலா, பிறகு கல்லூரி. அம்மா இருந்திருந்தால் எட்டாம் வகுப்போடு நிறுத்தி என்னையும் தன் பக்கத்தில் உட்காரவைத்திருப்பாள். அவள் கெட்டவள் இல்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் இதை நான் மேடையில் சொல்வேன். எந்த இடத்தில் நிறுத்தினால் கூட்டம் கண்ணைத் துடைக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அழ மாட்டேன். கிடைத்ததை நினைத்து ஏன் அழ வேண்டும்?

இசைவாணியைப் பற்றிச் சொல்கிறேன். கணக்கில் அவளைப் போல ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை. விடையைச் சொல்கிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இவள் விடையைச் சொல்லிவிட்டு, வேறு எந்த விடையும் ஏன் வர முடியாது என்றும் சொல்வாள். ஒருநாள் ஜன்னல் வழியாகத் தன் அம்மா வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் தலைமுடியிலும் புருவத்திலும் அலுமினியத் தூள் படிந்து வெயிலில் மினுங்கியது. "டீச்சர், பனி விழுற ஊர்ல எல்லாரும் இப்பிடித்தான் இருப்பாகளா?" என்று கேட்டாள். அப்படிக் கேட்கிற பெண் கருவேலங்காட்டில் ஒரு தகரக் கொட்டகைக்குள் தரைச்சக்கரத்துக்கு மருந்து அடைத்துக்கொண்டு கிடக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.

அவள் அம்மா பாலம்மாள் அந்தக் கொட்டகையில்தான் வேலை செய்தார். அனுமதி இல்லாத கொட்டகை. ஏஜெண்டு மருந்துச் சாமான்களை இறக்கிவிட்டுப் போவார், சரக்கை எடுத்துப் போவார். புருஷன் எப்போதோ திருப்பூர்ப் பக்கம் போய் அங்கேயே தங்கிவிட்டார். சீசன் சூடு பிடித்தால் மகளையும் கூட்டிக்கொண்டு போவார் பாலம்மாள். நான் சண்டைக்குப் போவேன். அவர் சிரிப்பார்.

"டீச்சரு, சாப்பிட்டீகளா? மொகம் வாடிக் கெடக்கு."

"பேச்சை மாத்தாதீங்கக்கா. ரெண்டு நாளா இசைவாணி வரலை."

"அவசர ஆர்டர் டீச்சரு. இந்த லோடு ஏறிட்டா அனுப்பிருதேன்."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. அவளை மதுரையில காலேஜுக்கு அனுப்பப் போறீங்களா, இல்லையா?"

"அனுப்ப எனக்கென்ன கசக்குதா? எம்மவ கலெக்டரா வந்து எனக்கு ஏசி ரூமு கட்டித் தருவாளாம். நான் அதுல ஒக்காந்து வெடி சுத்தணுமாம். ஏலே வாணி, அப்பிடித்தானே சொன்ன?"

மகள் அம்மாவின் இடுப்பில் கிள்ளினாள். இருவரும் சிரித்தார்கள். அவர்கள் அப்படித்தான். ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டுக்கொண்டு தெருவில் போவார்கள். அம்மாவும் மகளும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கூட்டாளிகள் என்றுதான் நினைப்பார்கள். எனக்கு அதைப் பார்க்கச் சிரமமாக இருக்கும். அந்தப் பெண்ணின் படிப்பு கெடுகிறதே என்ற சிரமம்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. கணக்கில் முழு மதிப்பெண். அறக்கட்டளைச் செயலாளர் ரத்தினசாமி சாரிடம் போனேன். திருத்தங்கலில் அச்சகம் வைத்திருக்கிறார். நல்ல மனிதர். என் படிப்புக்கெல்லாம் அவர்தான் கையெழுத்துப் போட்டார்.

"அம்மா இருக்காங்கல்ல? அப்பாவும் எங்கேயோ உசுரோடதானே இருக்காரு? நான் என்னம்மா செய்ய? விதி அப்படி. பாவந்தான்."

பேருந்தில் திரும்பி வரும்போது அந்த 'பாவந்தான்' காதிலேயே இருந்தது. அதே விதி எனக்கு எல்லாவற்றையும் கொடுத்தது. இந்தப் பெண்ணுக்கும் கொடுக்கக் காத்திருக்கிறது. நடுவில் ஒரே ஒரு தடைதான். நான் கோபத்தில் யோசிக்கவில்லை, மேடம். ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே காய்ந்து கிடந்த கண்மாயைப் பார்த்துக்கொண்டு, நிதானமாக யோசித்தேன்.

மிச்ச மருந்தை வைத்திருக்கக் கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அன்று கலந்ததை அன்றே அடைத்து முடிக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர்க் குழியில் கொட்டிவிட வேண்டும். வைத்திருந்தால் ஈரக் காற்றை வாங்கித் தனக்குள்ளேயே சூடேறும். மருந்து நீர்த்துப்போவது என்பார்கள். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கை பட்டால் போதும். பாலம்மாள் இதில் கறாரான ஆள். எவ்வளவு நேரமானாலும் முடித்துவிட்டுத்தான் கொட்டகையை விட்டு வெளியே வருவார். அவராக ஒரு நாளும் மிச்சம் வைக்க மாட்டார்.

ஆகவே நான் பெற்றோர் கூட்டம் போட்டேன்.

எங்கள் கூட்டங்கள் எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் நடக்கும். அதை வேலை நாளில், மாலைப் பொழுதில் வைத்தேன். முழு மதிப்பெண் எடுத்த பெண்ணின் தாய்க்குப் பொன்னாடை போர்த்துவதாகச் சொன்னேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழை வரும் என்று காலையிலேயே தெரிந்துவிட்டது. இசைவாணியை அழைத்து, "போய் அம்மாவைக் கையோட கூட்டிட்டு வா" என்றேன்.

போனவள் தனியாகத் திரும்பி வந்தாள்.

"இன்னும் கொஞ்சம் மருந்து கெடக்காம் டீச்சர். அடைச்சு முடிச்சுட்டு வாராகளாம்."

"எல்லாரும் காத்திருக்கோம்னு சொல்லு. மூடி வச்சுட்டு உடனே வரச் சொல்லு. இன்னைக்கு ஒரு நாளாவது ஒனக்காக வரச் சொல்லு."

கடைசியில் சொன்னதுதான் பாலம்மாளை எழுப்பிக்கொண்டு வந்தது. கையைக் கழுவியும் விரல்களில் வெள்ளி போகவில்லை. அப்படியே வந்து முன்வரிசையில் கூச்சத்தோடு உட்கார்ந்தார். பொன்னாடையைப் போர்த்தியதும், "இதப் போத்திக்கிட்டு நாளைக்குப் போனம்னா ஏஜெண்டு மயங்கி விழுந்துருவான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு நான் பேசினேன். நீளமாகப் பேசினேன். என் அம்மாவைப் பற்றியும் பேசினேன். மழை மையத்தின் தகரக் கூரையில் விழுகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்த வேண்டியிருந்தது. பேசி முடித்தபோது இருட்டிவிட்டது. கொட்டகையில் விளக்கு கிடையாது, விளக்கு கொண்டுபோகவும் கூடாது.

வாசலில் பாலம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சரு, கொட்டகையில மருந்து அப்பிடியே கெடக்கு. நீர்த்துப் போயிருமே. பேசாம தூர நின்னு தண்ணிய ஊத்தி அழிச்சுரட்டா? ஏஜெண்டுதான் கத்துவான்."

அவர் என்னைக் கேட்டார். வெடிக்காரி மகள் நான், படித்தவளும்கூட. ஊரில் என் சொல்லுக்கு மரியாதை உண்டு. அவர் கேட்டிருக்காவிட்டால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

"தார்ப்பாய் போட்டு மூடித்தானே வச்சிருக்கீங்க? ஒண்ணும் ஆகாதுக்கா. காலையில போனதும் ஒரு கிளறு கிளறி வெயில்ல வைங்க, சரியாயிரும். எங்க அம்மா அப்பிடித்தான் செய்வாங்க."

"நீங்க சொன்னாச் சரி" என்றார். பொன்னாடையை மடித்து மகளின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மழையில் நடந்தார்கள்.

மறுநாள் விடியும்போதே இசைவாணியை மையத்துக்கு வரச் சொல்லியிருந்தேன், கல்லூரிக்கான பாடம் என்று. அவள் மீது ஒரு தூசி படக் கூடாது. அதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது காட்டுப் பக்கம் சத்தம் கேட்டது. ஜன்னல் அதிர்ந்தது. என் வட்டம் கோணவில்லை. இசைவாணி எழுந்து ஓடினாள். செருப்புக்கூடப் போடவில்லை.

அவளுக்கு இப்போது எல்லாம் கிடைத்துவிட்டது. மதுரையில் இடம், விடுதியில் கட்டில், ஜன்னலுக்கு வெளியே ஒரு வாகை மரம். நான்தான் கொண்டுபோய் விட்டேன். பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். நானும் ஆறாம் வகுப்பில், விடுதிக்குப் போகும்போது, அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அது சரியாகிவிடும்.

அவள்தான் உங்களிடம் வந்து சொன்னாளாம். எந்த நாளில் எப்போதும் கூட்டம் நடக்கும், அன்று ஏன் மாறியது, யார் கூப்பிட்டு அனுப்பியது, வாசலில் யார் என்ன சொன்னது, தன்னை ஏன் விடியற்காலையில் வரவழைத்தேன் என்று ஒவ்வொன்றாக வைத்து, வேறு எந்த விடையும் வர முடியாது என்று நிறுவினாளாம். நீங்கள் அதைச் சொன்னபோது எனக்கு வருத்தம் வரவில்லை. பெருமையாக இருந்தது. அப்படி யோசிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

ஏஜெண்டு விற்ற மருந்து, அரசாங்கம் பார்க்காமல் விட்ட கொட்டகை, வெளிநாட்டுக்காரர்கள் போட்ட விதி. இத்தனை பேர் சேர்ந்து வருடா வருடம் இந்தப் பக்கத்தில் எத்தனை அம்மாக்களைக் கொன்றிருக்கிறார்கள். அவர்கள் யாருக்காகவும் கொல்லவில்லை. நான் ஒரு பெண்ணின் படிப்புக்காகச் செய்தேன். பாலம்மாளை நான்தான் கொன்றேன். இன்னொரு தடவை அதே மழை, அதே கூட்டம் என்றாலும் அதே சொற்களைத்தான் சொல்வேன்.

இப்போது நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. கூட்டத்துக்கு முந்தைய நாள் ரத்தினசாமி சார் என்னிடம் போனில் பேசியதாகச் சொல்லியிருக்கிறார். உண்மைதான். பேசினார். மறைக்க வேண்டும் என்று நான் மறைக்கவில்லை. அது முக்கியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

"சொர்ணம், நல்ல சேதிம்மா. விதியைத் தளர்த்தியாச்சு. அப்பா அம்மா இருந்தாலும் பரவாயில்லையாம், நல்லாப் படிக்கிற பிள்ளையா இருந்தாப் போதுமாம். ஒன் இசைவாணி பேரைத்தான் மொதல்ல எழுதியிருக்கேன். போயி அவுக அம்மாகிட்டச் சொல்லு, சந்தோஷப்படட்டும்."

"ரொம்ப நன்றி சார்" என்றேன். போனை வைத்தேன். பிறகு பொன்னாடை வாங்கக் கடைக்குப் போனேன்.

நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டாம், மேடம். சும்மா யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண் படிப்பையும் வாங்கிக்கொண்டு, லீவுக்கு ஊருக்கு வந்து, அம்மாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு என் வாசல் வழியாகச் சிரித்தபடி நடந்து போவாள். அம்மா உயிரோடு இருந்தும் ஒருத்தி படித்துவிடலாம் என்றால், என் அம்மா எதற்காகச் செத்தாள்?