இரண்டாவது லைன்

உங்கள் விசாரணை அறையில் ஏசி கொஞ்சம் அதிகம்தான். பரவாயில்லை, ஆஸ்பத்திரியின் சர்வர் அறையில் பதினேழு வருஷம் உட்கார்ந்தவனுக்கு இந்தக் குளிர் உறைக்காது.

நான் எழுதியது ஒரே ஒரு வரி. எங்கள் ரவுட்டர்கள், அதாவது தகவலுக்கு வழிகாட்டும் பெட்டிகள், ஓ.எஸ்.பி.எஃப். என்ற முறையில் இயங்குபவை. பத்து விநாடிக்கு ஒருமுறை பக்கத்து ரவுட்டருக்கு ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நாற்பது விநாடி பேச்சு இல்லையென்றால் அந்த வழி செத்துப்போனதாக அர்த்தம். நோயாளிகளின் அலாரம் நர்ஸ்கள் அறைக்குப் போக இரண்டு லைன் உண்டு; ஒன்று போனால் மற்றது எடுத்துக்கொள்ளும். இரண்டாவது லைன் வாய் திறக்காதபடி எழுதிவைத்தேன். விளக்கு மட்டும் பச்சையாக எரியும்.

காரணம் என் மனைவியின் தம்பி. கையைக் காலைப் பிடித்து அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் நான். மூன்றே வருஷத்தில் எனக்கு மேலதிகாரியாகி, எல்லார் முன்னாலும் என் வேலையில் குறை கண்டுபிடித்தான். முதல் லைனின் கேபிளை மாற்ற அவன் நாள் குறித்தபோது, கொஞ்சம் தலைகுனியட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

காலை பதினோரு மணிக்குப் பழைய கேபிளைப் பிடுங்கினான். புதியதை மாட்டி முடிக்க ஒன்பது நிமிஷம். அதற்குள் நாலாம் அறை அம்மாவின் அலாரம் அடித்தது. என் திரைக்கு வந்தது, நர்ஸ்களுக்குப் போகவில்லை. அந்த அம்மா தையல்காரர், மகள் கல்யாணத்துக்குள் வீடு திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். என் வரியை அழிக்க ஒரு நொடி போதும். விரல் விசைமேல்தான் இருந்தது. அவன் வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

அவன் வேலை போயிற்று. அவன் நாற்காலி எனக்கு வந்தது. வரியை அன்றைக்கே அழித்துவிட்டேன். ஆனால் சாப்பிடும்போதுகூட பத்து விநாடிக்கு ஒருமுறை என் உதடு அசைகிறதாம்.

“யாருக்குங்க பதில் சொல்றீங்க?” என்று மனைவி கேட்டாள்.

நாலாம் அறையிலிருந்து அந்த அம்மா ‘இருக்கிறாயா’ என்று கேட்கிறார். ‘இருக்கிறேன்’ என்கிறேன். நாற்பது விநாடி பேசாமல் இருந்து பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

அவன் மட்டும் நேரில் வந்து கேட்டிருந்தால் அந்த அம்மா பிழைத்திருப்பார். போனில் கேட்டான், உண்மைதான், அந்த ஒன்பது நிமிஷத்துக்குள் மூன்று தடவை.

“மாமா, ரெண்டாவது லைன் எடுக்கல. எனக்கு ஒண்ணும் புரியல, கொஞ்சம் பாருங்க மாமா. உயிர் விஷயம்.”

“விளக்கு பச்சையாத்தானே எரியுது” என்றேன்.

எழுந்து இருபது அடி நடக்க அவனுக்கு என்ன கௌரவமோ. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.