பதினான்காம் பக்கம், ஆறாம் வரி

திட்டக் குழுவின் சுற்றறிக்கை கிடைத்தது. அழகாகத் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். சங்கத்தின் ஒவ்வொரு பிரிவும் இதுவரை செய்த பணிகளையும் இனி போக வேண்டிய திசையையும் மூன்று பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தர வேண்டும், இடது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். விட்டிருக்கிறேன். நூலகம் எழுதிக் கொடுத்துவிட்டதாம், இதழ்க் குழுவும் கொடுத்துவிட்டதாம். கணிதப் போட்டிகளை நடத்துகிறவர் ஒன்பது பக்கம் எழுதித் திட்டு வாங்கினார் என்று கேள்வி. பாக்கி இருப்பது பதில் பிரிவு மட்டும். பதில் பிரிவு என்றால் நான் ஒருவன்தான்.

கூடவே எனக்கென்று தனியாக ஒரு கடிதமும் வைத்திருக்கிறீர்கள். ஒரே ஒரு வாக்கியம், அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட ஒரு கோடு. அதற்கு வருகிறேன். முதலில் பிரிவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். உங்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு பிரிவு இருப்பதே போன மாதம்தானே தெரிந்தது.

கணிதத்தின் மேல் ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் பட்டம் வாங்கினவர்கள் அல்ல. தச்சர் இருக்கிறார், ஓய்வுபெற்ற தபால்காரர் இருக்கிறார், வட்டத்தைச் சதுரமாக்கியே தீருவேன் என்று நிற்கும் பல் வைத்தியர் ஒருவர் இருக்கிறார். யாராலும் தீராத கணக்கைத் தாங்கள் தீர்த்துவிட்டதாக நம்பி இவர்கள் சங்கத்துக்கு அனுப்புவார்கள். மாதம் நாற்பது வரும். நாற்பதும் தப்பு. அவற்றைப் படித்துப் பதில் போடுவதுதான் இருபத்தெட்டு வருஷமாக என் வேலை.

பதிலுக்கு ஓர் அச்சடித்த அட்டை உண்டு. எனக்கு முன்பிருந்தவர் செய்த ஏற்பாடு. "அன்புடையீர், தங்கள் நிரூபணம் கிடைத்தது. முதல் தவறு இத்தனையாம் பக்கம் இத்தனையாம் வரியில் உள்ளது. அதற்கு மேல் படிக்கப்படவில்லை." எண்கள் எழுத இரண்டு வெற்றிடம், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். விளக்கம் தரக்கூடாது என்பது விதி. விளக்கம் கொடுத்தால் மறுப்பு வரும், மறுப்புக்கு ஒரு விளக்கம் எழுத வேண்டும், கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிடும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். நிரூபணத்தில் ஒரு வரி போனால் மொத்தமும் போச்சு. இதில் பாஸ் மார்க் என்று ஒன்று கிடையாது.

இனி நிறுவனர் கேள்வி. சங்கத்தை ஏற்படுத்தியவர் விட்டுப்போன கணக்கு அது. ஒரு குறிப்பிட்ட வகை ஓடுகளால் தரையை இடுக்கில்லாமல் நிரப்ப முடியுமா என்பதை, பதித்துப் பார்க்காமலேயே சொல்ல வழி உண்டா? கொத்தனார் கேட்கிற கேள்வி மாதிரிதான் இருக்கும். கொத்தனார் பதித்துவிட்டுப் போய்விடுவார். நாம்தான் எழுபது வருஷமாகத் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம். தீர்ப்பவருக்கென்று வெள்ளிப் பதக்கம் ஒன்று கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அது கறுக்காமல் துடைத்து வைப்பதும் என் பொறுப்பு.

இந்த வேலைக்கு வரும் முன்பிருந்தே அந்தக் கேள்வியோடு நானும் இருபத்திரண்டு வருஷம் மல்லுக்கட்டினேன். என் மனைவி அதைச் சக்களத்தி என்பாள். சாப்பிடும்போது நான் சுவரைப் பார்த்தால், "என்ன, சின்ன வீட்டு ஞாபகமா?" என்பாள். என் அம்மாவிடமே, "உங்க பிள்ளைக்கு ரெண்டு பொண்டாட்டி அத்தை. ஒருத்தி சமைச்சுப் போடறா, இன்னொருத்தி சாப்பிடவே விடமாட்டேங்கறா" என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அப்போதுதான் நிறுவனர் கேள்விக்கு விடை என்று முப்பத்தொரு பக்கம் வந்தது. பஸ் டிப்போவின் பழைய டூட்டித் தாள்களின் பின்பக்கத்தில், அச்சில் வார்த்தது போன்ற கையெழுத்து. அனுப்பியவர் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எது எந்த மேடையில் நிற்க வேண்டும் என்று அட்டவணை போடுகிற பெண். வயது நாற்பத்தைந்து, படிப்பு பத்தாவது என்று அவரே எழுதியிருந்தார். மறைக்கத் தெரியவில்லை.

மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்று எடுத்தேன். பதினேழு நாள் ஆனது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனேன். பதினான்காம் பக்கம் ஆறாம் வரியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாக நான் தலையை மோதிக்கொண்டிருந்த சுவர் அது. அவர் அதில் ஒரு கதவைத் திறந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், அந்தப் பக்கம் நடந்து போயிருந்தார். அதற்கப்புறம் வந்த பதினேழு பக்கமும் வெறும் இறக்கம். ஒரு தவறுகூட இல்லை.

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் பொறாமை என்று சொல்லாதீர்கள். பொறாமை அடுத்தவன் வீட்டைப் பார்த்து வருவது. இது என் வீடு.

அட்டையை எடுத்தேன். முதல் வெற்றிடத்தில் பதினான்கு என்றும் இரண்டாவதில் ஆறு என்றும் எழுதினேன். வேறு ஏதாவது ஒரு வரியைச் சொல்லியிருக்கலாம். அப்போது எனக்கு வேறு எந்த எண்ணும் தோன்றவில்லை. அந்த இடத்தில் தவறு இல்லை என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். அட்டையை மற்ற அட்டைகளோடு சேர்த்து அன்றைய தபாலில் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. அந்த வரியைப் பலமுறை பார்த்துவிட்டதாகவும், தன் மரமண்டைக்கு எட்டவில்லை என்றும், சின்னதாக ஒரு குறிப்புக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்றும் எழுதியிருந்தார். அதே அட்டையை, அதே எண்களோடு அனுப்பினேன். அடுத்த கடிதத்துக்கும் அப்படியே. பதினோரு வருஷத்தில் மொத்தம் இருபத்தேழு கடிதங்கள். ஒன்றைக்கூட நான் பதில் போடாமல் விட்டதில்லை. இந்தப் பிரிவின் மேல் எத்தனையோ குறை சொல்கிறீர்கள், தாமதம் என்று மட்டும் சொல்ல முடியாது.

மூன்றாம் வருஷம் நேரிலேயே வந்துவிட்டார். டிப்போவின் சாம்பல் நிறச் சட்டையோடு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"சார், தப்புன்னு நீங்க சொன்னா நான் ஒத்துக்கறேன். எங்கேன்னு மட்டும் விரல் வச்சுக் காட்டிடுங்க. போயிடறேன்."

"நாங்க காட்டினா அது உங்க கண்டுபிடிப்பா இருக்காதேம்மா. நல்லாப் பாருங்க, தெரியும்."

"அதுவும் சரிதான்" என்று சிரித்தார். பிறகு தயங்கித் தயங்கி, "வேற யாராவது பாத்தாங்களா சார்?" என்று கேட்டார்.

"மூணு பேராசிரியர்கள் பாத்தாங்க. மூணு பேரும் அந்த வரியைத்தான் சொன்னாங்க."

அந்தத் தாள்களை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அவர் எழுந்து கும்பிட்டார். பெரியவர்கள் இத்தனை பேர் தனக்காக நேரம் செலவழித்ததற்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு அன்றைக்கு வந்திருந்த ஐந்து நிரூபணங்களையும் படித்து முடித்தேன்.

ஏழாம் வருஷம் அவருடைய மகள் வந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டிப்போவுல அம்மாவை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க சார். ஒரு அட்டவணையை ஒம்போது தடவை சரி பாத்தா வண்டி எப்படிக் கிளம்பும்? பூட்டின கதவைத் திரும்பி வந்து திரும்பி வந்து இழுத்துப் பாக்கறாங்க. உலையில அரிசி போட்டோமான்னு என்னைக் கூப்பிட்டுக் கேக்கறாங்க. ஏம்மான்னா, 'எனக்குத் தெரியாத தப்பு எதுல வேணா இருக்கும்டி'ங்கறாங்க."

நான் மேசைமேல் இருந்த அட்டைக் கட்டை நேராக்கி வைத்தேன்.

"தப்பு என்னன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. இல்ல, தப்பே இல்லன்னா அதையாவது சொல்லித் தொலைங்க. உங்க கையால வந்தாதான் அவங்க நம்புவாங்க."

விளக்கம் தர விதியில் இடமில்லை என்று சொன்னேன். "நெஞ்சுல ஈரமே கிடையாதா சார் உங்களுக்கு?" என்றாள். கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டில் அன்று சாயங்காலம் என் மனைவி, "என்ன இப்பல்லாம் சக்களத்தி பக்கமே போறதில்ல? சண்டையா?" என்று கேட்டாள். "அவளுக்கு எப்பவோ கல்யாணம் ஆயிடுச்சு" என்றேன். "அப்பாடா, பீடை விட்டுது" என்று சிரித்தாள். வேறு யாரிடமும் இதைப் பற்றி நான் இந்த அளவுகூடப் பேசியதில்லை.

அந்தத் தாள்களை ஏன் எரிக்கவில்லை என்று உங்களில் இளையவர் கேட்டிருந்தார். வந்த நிரூபணம் எதையும் அழிக்கக்கூடாது என்பது விதி. அதோடு, அவ்வளவு நல்ல ஒன்றை எரிக்க எனக்கு மனம் வரவில்லை. வேலை குறைவான நாட்களில் அலமாரியிலிருந்து எடுத்துப் படிப்பேன். பதினான்காம் பக்கம் வரும்போது ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கும். சங்கத்தில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் அது ஒன்றுதான் என்றால் மிகையாகாது.

பதினோராம் வருஷம் இருபத்தேழாவது கடிதம் வந்தது. எழுத்து கோணல்மாணலாக இருந்தது. "ஐயா, கண்டுபிடித்துவிட்டேன்" என்று ஆரம்பித்திருந்தார். ஆறாம் வரியில் தான் செய்த தவறு என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கியிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகூட அப்படி எழுதாது. இரண்டு பக்கமும் அபத்தம். அவர் எழுதி நான் பார்த்த முதல் தவறு அது. தன்னிடம் இருந்த பிரதியைக் கிழித்துப் போட்டுவிட்டதாகவும், இத்தனை காலம் பொறுமையாகத் தன்னைத் திருத்தியதற்குச் சங்கத்துக்கு நன்றி என்றும் முடித்திருந்தார்.

இதற்கு அட்டை போதாது என்று பட்டது. சங்கத்தின் முத்திரைத் தாளை எடுத்து, "தாங்கள் கண்டுபிடித்தது சரியே. மனமார்ந்த பாராட்டுகள்" என்று என் கைப்பட எழுதி அனுப்பினேன். அவருக்கு நான் எழுதியவற்றில் அன்போடு எழுதியது அது ஒன்றுதான். அதன் பிறகு அவர் கடிதம் எழுதவில்லை.

அந்தக் கோப்பு போன மாதம் உங்கள் கைக்கு வந்தது என் கெட்ட காலம். பதில் பிரிவு எவ்வளவு வீண் என்று காட்ட, மாதிரிக்கு ஏதோ ஒன்றை உருவலாம் என்று இளையவர் அலமாரியில் கையை விட்டிருக்கிறார். எட்டு நாளில் படித்துவிட்டாராம். எனக்குப் பதினேழு நாள் ஆனது. கெட்டிக்காரப் பெண். தலைவரிடம் சொல்லி, பதக்கத்தை எடுத்துக்கொண்டு அந்த டைம் கீப்பர் அம்மாள் வீட்டுக்கே போயிருக்கிறார்.

அங்கே நடந்ததை உங்கள் கடிதத்தில் படித்தேன். அந்த அம்மாள் மகள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் சட்டைப் பொத்தான்கள் சரியான துளையில்தான் இருக்கின்றனவா என்று மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் எண்ணிக்கொண்டிருந்தாராம். நிரூபணம் சரி என்று சொன்னதும் பதறிப்போனாராம். பதக்கத்தைத் தொடவில்லையாம். "நீ சின்னப் பொண்ணும்மா. நானும் பதினோரு வருஷம் அப்படித்தான் நெனச்சேன். நல்லாப் பாரு, தெரியும்" என்று சொல்லி, என் கடிதத்தை எடுத்துக் காட்டினாராம். மகள் பக்கத்தில் நின்று வாயில் துணியைப் பொத்திக்கொண்டு அழுதாளாம்.

ஆகவே நான் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறீர்கள். "பதினான்காம் பக்கம் ஆறாம் வரியில் தவறு ஏதும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை." என் கையெழுத்து ஒன்றைத்தான் அவர் நம்புவார், மனுஷிக்கு அவர் புத்தியைத் திருப்பிக் கொடுங்கள் என்று இளையவர் தன் பேனாவால் கீழே சேர்த்திருக்கிறார். கடிதம் முழுவதும் மரியாதையாக இருந்தது, அந்த வரி மட்டும் இல்லை.

எதிர்காலத் திசை பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிரிவை மூடக்கூடாது என்பது என் பரிந்துரை. எனக்குப் பிறகு வருகிறவருக்கு நல்ல வெளிச்சமுள்ள அறையாகக் கொடுங்கள். அட்டையை மாற்ற வேண்டியதில்லை.

உங்கள் கோட்டில் நான் கையெழுத்துப் போடவில்லை. பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம், யோசித்துத்தான் சொல்கிறேன். நேற்று அவருடைய கடைசிக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். முதலில் படித்தபோது அபத்தம் என்று தோன்றியது உண்மை. நான் அவசரப்பட்டிருக்கலாம். அந்த வரியில் தவறு இருக்கிறது என்று இரண்டு பேர் சொல்கிறோம், அவரும் நானும். ஆளுக்குப் பதினோரு வருஷம் அதைப் பார்த்திருக்கிறோம். நீங்கள் பார்த்தது எட்டு நாள். அவரோ முப்பத்தொரு பக்கம் எழுதி ஒரு புள்ளிகூடப் பிசகாதவர். அப்படிப்பட்டவர் தப்பு என்று சொன்னால், நான் யார் அதை மறுக்க?