இடது கையில் வரைந்த கட்டம்

— ஆட்டாம வைங்க. கட்டம் போட்டாச்சு, மை காயணும்.

— ஒரு சந்தேகம் டாக்டரம்மா. கன்னத்துக்குள்ள புண்ணு பட்டாணி அளவுதான். என் இடது கையில நீங்க போட்டிருக்கற கட்டம் சோப்புக்கட்டி அளவு இருக்கே?

— புத்துநோயாச்சே. புண்ணை மட்டும் நோண்டினா பத்தாது. சுத்தி ஒரு விரல் அகலத்துக்கு நல்ல சதையும் சேத்து எடுக்கணும். கழுத்துல நெறி கட்டியிருக்கறதையும் எடுப்போம். சரியா?

— சரி. ஓட்டைய கைத்தோல் வெச்சு அடைப்பீங்க. அங்க போனா அது செத்துப்போகாதா?

— தோல் தனியா வராது, ரத்தக்குழாயோட வரும். அதை கழுத்துக் குழாயோட சேத்துத் தைப்போம். முடிய விட மெல்லிசு நூல்ல.

— முடிய விடவா? காலம்பூரா முடியோடவே கெடக்கற சலூன்காரன்கிட்ட சொல்றீங்க.

— உங்ககிட்டதான் பாத்து சொல்ல வேண்டியிருக்கு.

— கையில விழற பள்ளம்?

— தொடையிலருந்து மெல்லிசா சீவி ஒட்டிடுவோம்.

— தொடைக்கு?

— அது தானா ஆறிடும்.

— ஆக, கடைசில தொடைதான் இளிச்சவாயன்.

— மெதுவா சிரிங்க, புண்ணு வலிக்கும்.

— இன்னும் ஒரே ஒரு சந்தேகம். இது முடி முளைக்கிற தோலாச்சே. வாய்க்குள்ள போனா?

— முளைக்கும்.

— விளையாடாதீங்க.

— நெஜமாத்தான். எடம் மாறிட்டோம்னு அதுக்கென்ன தெரியும்? நாக்குல குத்துதுன்னு சில பேரு வருவாங்க. ஆறு மாசம் கழிச்சு நீங்களும் வந்து நிப்பீங்க, நானே வெட்டி விடறேன். சரியா?

— ஆறு மாசம் கழிச்சா?

— ஏன், அதுக்கு முன்னாடியே வரணுமா? தலைமுடி மாதிரி சட்டுனு வளராதுங்க.

— அந்தக் கட்டத்தை அழிச்சிடுங்க டாக்டரம்மா.

— என்னங்க, ஆபரேஷன் வேண்டாமா?

— வேணும். வலது கையில எடுத்துக்குங்க.

— எழுதற கை எதுன்னு கேட்டுத்தானே போட்டேன்? வலதுன்னீங்க.

— எழுதறதும் சாப்பிடறதும் வலது. கத்தி பிடிக்கறது இடது.

— பொழப்பே இந்தக் கையிலதான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் வரையறப்ப பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?

— பாத்தேன். திரும்பக் கடை தொறக்கப் போறவனுக்குத்தானே கை வேணும்னு விட்டுட்டேன். ஆறு மாசம் கழிச்சும் நான் இருப்பேன்னு இப்பத்தான் முதமுதலா ஒருத்தர் சொல்லிக் கேக்கறேன்.