பேர் வெட்டிய தூக்குவாளி

– அந்த அண்டாவுக்குப் பின்னாடியும் பாத்துக்கங்க மேடம். பிளாஸ்டிக் கவர் ஒண்ணு கெடச்சாலும் பிரியாணிக் கடையப் பூட்டி நானே சாவியத் தாரேன்.

– கோவப்படாதீங்க ஆரிபாக்கா. அரசாங்கம் தடை போட்ட பெறகும் ரெண்டு தடவ மாட்டியிருக்கீங்க. இந்தத் தடவையும் மாட்டுனா சீல் வைக்கிறதத் தவிர எனக்கு வழியில்ல.

– அது பழைய கதை. போன மழைக்குச் சாக்கடை அடைச்சு கடைக்குள்ள தண்ணி வந்துச்சே, அள்ளுனதுல பாதி என் கடைக் கவருதான். வெக்கமாப் போச்சு. அன்னைக்கே விட்டேன். அன்புக்கரசி மேடம், யாரு எம்மேல புகார் சொன்னது?

– பேரு சொல்லல. நேத்து நீங்க பிரியாணிக்குத் தொட்டுக்க கவர்ல தால்சா ஊத்திக் குடுத்தீங்கன்னு ஒரு ஆளு ஆபீசுக்குப் போன் போட்டிருக்காரு.

– அபாண்டம். அல்லா அறிய குடுக்கல. சரி, வந்தது வந்தீங்க, ஒரு வாய் சாப்பிடுங்க.

– சோதனைக்கு வந்த எடத்துல கை நனைக்கக் கூடாதுக்கா. நேத்துச் சாப்பிட்டதே இன்னும் நாக்குல நிக்குது. என் பொறந்தநாளுன்னு எங்க வீட்டுக்காரரு அவரு கையாலயே பிரியாணி செஞ்சாரு. சுடுதண்ணி வைக்கத் தெரியாத மனுசன். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

– காரமா?

– பாசத்துலக்கா.

– குடுத்து வச்சவுக. என் வீட்டுக்காரரு எனக்கு ஒரு முட்டை அவிச்சுத் தந்ததில்ல. சீரகச் சம்பாவா?

– சீரகச் சம்பாதான். பேச்ச மாத்தாதீங்க. பாத்திரம் கொண்டாராதவங்களுக்கு தால்சாவ எதுல குடுக்குறீங்க?

– எங்க வீட்டுத் தூக்குவாளிகள்ல. என் கல்யாணத்துக்கு என்னப் பெத்த அத்தா வாங்கிக் குடுத்த சாமான். "சேக் பரீது"ன்னு அவரு பேரு வெட்டியிருக்கும். அடுத்தவன் பேரு வெட்டுன சாமான எவன் வச்சுக்குவான்? மறுநா கொண்டாந்துருவாக.

– எல்லாருமா?

– நேத்து வந்த ஒரு ஆளத் தவிர. கவருதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. 'சட்டை மடிப்புக் கலையாம வரத் தெரியுது, ஒரு வாளி தூக்கியார ஏலலையா அப்பு'ன்னு கேட்டுட்டேன். வரிசையில நின்ன அம்புட்டுப் பேரும் சிரிச்சுட்டாக. மூஞ்சி செவந்துபோச்சு. 'எனக்கு எங்க ஆளு இருக்குன்னு தெரியுமா'ன்னு மொறச்சுக்கிட்டே தூக்குவாளிய வாங்கிட்டுப் போனாரு.

– அப்ப போன் போட்டது அவராத்தான் இருக்கும்.

– வேற யாரு? ஆளத்தான் எங்க போயித் தேடுறது, என் வாளியும் போச்சு.

– செத்த இருங்க. என்ன பேரு வெட்டியிருக்கும்னு சொன்னீங்க?

– சேக் பரீது. பக்கத்துல சின்னதா ஒரு பிறை. ஏன் மேடம், யாருக்குப் போன் போடுறீங்க?

– ஏங்க, நாந்தான். எதுத்த வீட்டுல இரவல் வாங்குனதுன்னு சொன்னீங்களே, பிறை போட்ட தூக்குவாளி, அதக் கழுவி எடுத்துக்கிட்டு ஆரிபாக்கா பிரியாணிக் கடைக்கு வாங்க. இப்பவே. சட்டை மடிப்புக் கலைஞ்சாலும் பரவால்ல.