சொந்த சர்வர்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி சர்வர் எங்கே என்று கேட்டால், பக்கத்து ஓட்டலைத்தான் கைகாட்டுவார்கள் மேடம். எங்கள் முதலாளியும் முதலில் அப்படித்தான் நினைத்தார். "மெயிலுக்கு இன்னாத்துக்குடா சர்வரு, அது இன்னா இட்லியா?" என்று கேட்டார். வந்ததைக் கொண்டுவந்து இலையில் வைப்பதுதான் இரண்டு சர்வருக்கும் வேலை என்று சொன்னேன். புரிந்துவிட்டது. கைப்பட எழுதிக் கொடு, ஒன்றையும் விடாதே என்று நீங்கள் சொன்னதால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலாளி என்றால் பாக்கியசாமி. திண்டிவனம் சாலையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரிக்கும் மெஷின் செய்கிற பட்டறை அவருடையது. ஆந்திரா, குஜராத் ஆர்டரெல்லாம் மெயிலில்தான் வரும். நான் இனியன், பி.சி.ஏ. படித்தவன், தொண்டூர்க்காரன். கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா எல்லாவற்றுக்கும் அங்கே நான் ஒருவன்தான். முதலாளிக்கு ஒரே மகன் ஸ்டீபன். தாயில்லாப் பிள்ளை. கொஞ்சம் வாய்த்துடுக்கு.

மெயிலை எங்கே வைப்பது என்ற பேச்சை எடுத்தவன் ஸ்டீபன்தான். கிளவுடுக்கு மாற்றிவிடலாம், வெளியில் ஒரு பெரிய கம்பெனி பார்த்துக்கொள்ளும், இங்கே கரண்ட் போனாலும் மெயில் நிற்காது என்றான். நான் சொந்த சர்வர் என்றேன். நம் கடிதம் நம் பூட்டுக்குள் இருக்கும், அடுத்தவன் தயவு வேண்டாம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்டீபன் எல்லார் முன்னாலும், "ஒரே ஆள நம்பி எல்லாத்தையும் வுட்டு வைக்கக் கூடாது நைனா" என்றான். என்னை வைத்துக்கொண்டே சொன்னான். சுருக்கென்றது. முதலாளிக்கும் பிடிக்கவில்லை. "கிளவுடுன்னா மேகம்தான? செஞ்சிக்கு மேல என்னிக்குடா மேகம் நின்னுது? இனியன் சொல்றதுதான் செரி" என்று முடித்துவிட்டார்.

பேச்சு தடித்துப் போனது. இந்தப் பட்டறையில் என் வார்த்தை எடுபடாது என்று சொல்லிவிட்டு, ஸ்டீபன் ஒரு ஏஜெண்டைப் பிடித்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். கிளம்புகிற அன்று முதலாளி, "எனக்குப் போன் கீன் பண்ணாத" என்றார். வீம்புக்கு அவன் நம்பரை பிளாக் செய்யவும் சொன்னார். நான்தான் செய்து கொடுத்தேன்.

சொல்லிவிட்டாரே தவிர மனசு கேட்கவில்லை. தினம் காலையில் என் மேசைக்கு வந்து, "இன்னா இனியா, மெயிலு எதுனா வந்துதா?" என்பார். யாருடைய மெயில் என்று சொல்ல மாட்டார். இல்லை என்றதும் வாங்கிவைத்த டீயைக் குடிக்காமலே எழுந்து போவார். மூன்று மாதம் பார்த்தேன். ஆள் பாதியாகிவிட்டார். பார்க்கச் சகிக்காமல் ஒரு நாள் நானே எழுதினேன். அனுப்பியவர் இடத்தில் எந்தப் பெயர் வர வேண்டும் என்பது சர்வரை வைத்திருப்பவன் கையில்தானே இருக்கிறது. அன்புள்ள அப்பா, நான் நலம், ஏசி ரூம், நல்ல சாப்பாடு, பூசைக்குத் தவறாமல் போகிறேன். நாலு வரிதான்.

முதலாளி படித்தார், திரும்பப் படித்தார். "அப்பான்னு எழுதிக்கிறான் பாரு. வெளிநாடு போனதும் மருவாதி வந்துட்டுது" என்றார். அன்று பட்டறையில் எல்லாருக்கும் பஜ்ஜி. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.

சிக்கல் அடுத்த வாரம் வந்தது. ஸ்டீபன் நிஜமாகவே எழுதிவிட்டான். நைனா என்று ஆரம்பித்திருந்தான். சொன்ன வேலை கிடையாது, வெட்டவெளியில் கம்பி கட்டுகிற வேலை, பாஸ்போர்ட்டையும் போனையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள், வெள்ளிக்கிழமை மட்டும் கேம்ப் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கொஞ்ச நேரம் உட்கார விடுகிறார்கள், மனப்பாடமாகத் தெரிந்தது பட்டறை மெயில் ஒன்றுதான், கலெக்டரிடம் மனு கொடுத்து என்னைக் கூப்பிட்டுக்கொள் நைனா என்று எழுதியிருந்தான். நடையும் சரியில்லை, எழுத்துப்பிழை வேறு. ஏசி ரூமில் இருக்கிற ஸ்டீபனுக்கும் இவனுக்கும் ஒட்டவே இல்லை. இதை எப்படி முதலாளியிடம் காட்டுவது? அப்போதுதான் டீயை ஒழுங்காகக் குடிக்க ஆரம்பித்திருந்தார். ஊசிப்போன சாம்பாரை எந்த நல்ல சர்வராவது இலையில் ஊற்றுவானா? அவர் கண்ணில் படாத ஃபோல்டர் ஒன்றைத் திறந்து அதில் வைத்தேன். அழிக்கவில்லை. ஒருவருடைய கடிதத்தை அழிப்பது தவறு. என் சர்வீசில் ஒரு மெயில்கூட அழிந்ததில்லை.

அவன் வெள்ளிக்கிழமைகளில் எழுதினான், நான் திங்கட்கிழமைகளில் எழுதினேன். என்னுடையதில் அவனுக்குச் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. அவனுடையதில் சிறுநீரில் ரத்தம் போகிறது என்று வந்தது. அவனையும் நான் கைவிட்டுவிடவில்லை. முதலாளி பெயரில் ஒருமுறை பதில் போட்டேன்: மனம் தளராதே, பொறுமையாக இரு, எல்லாம் நல்லபடியாக நடக்கும். அடுத்த வெள்ளி ஒரே வரி வந்தது. "எங்க நைனா இப்டி எழுதாது. நீ யாரு?" ஆறுதல் சொன்னவனுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

வெயில் காலத்தில் அவன் மெயில் நின்றது. பிறகு கேம்ப் ஆபீசிலிருந்து ஆங்கிலத்தில் ஒன்று வந்தது. ஸ்டீபன் இறந்துவிட்டான், உடல் ஆஸ்பத்திரி பிணவறையில் இருக்கிறது, தகப்பனார் உடனே தொடர்புகொள்ளவும். ரொம்பச் சுருக்கமான மெயில். அன்று பார்த்து முதலாளிக்குப் பிறந்தநாள். அதையும் ஃபோல்டரில் வைத்தேன். எனக்கும் வருத்தம்தான் மேடம், எத்தனையோ நாள் ஒரே டப்பாவில் சாப்பிட்டிருக்கிறோம். ஆனால் திங்கட்கிழமை வந்தால் முதலாளி என் மேசை முன்னால் வந்து நிற்பாரே.

அந்தத் திங்கட்கிழமைதான் நான் எழுதியதிலேயே நல்ல மெயிலை எழுதினேன். அப்பா, அன்று உங்களை எதிர்த்துப் பேசியது என் தவறு, சொந்த சர்வர்தான் சரி, இனியன் அண்ணன் சொல்வதைக் கேளுங்கள் என்று ஸ்டீபன் மன்னிப்புக் கேட்டான். செத்தவனுக்கும் தகப்பனுக்கும் நடுவே மனஸ்தாபம் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுதியவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அங்கேதான் நான் சறுக்கினேன். ஆடி அமாவாசைக்கு மேல்மலையனூர் போயிருந்தேன். அந்தக் கூட்டத்தில் யாருக்கும் போன் கிடைக்காது. அக்கவுண்ட்ஸ் பார்க்கிற ரஞ்சனி பிறகு சொன்னதை எழுதுகிறேன். "புள்ள எறங்கி வந்துட்டான். நானும் ஒரு படி எறங்கணும்ல? அவன் கேட்ட கிளவுடையே போட்டுருவோம். இனியனுக்குச் சொல்லாத, அவனுக்கும் தலவலி கொறையட்டும்" என்று சொல்லி முதலாளி புதுச்சேரியிலிருந்து ஆள் வரவழைத்தாராம். வந்தவன் கெட்டிக்காரன். முதலாளி பெயருக்கு வந்த அத்தனை மெயிலையும், ஒரு ஃபோல்டர் விடாமல், கிளவுடுக்கு ஏற்றி அவர் போனிலும் காட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

மறுநாள் நெற்றியில் குங்குமத்தோடு நான் உள்ளே நுழைந்தபோது பட்டறையில் மெஷின் சத்தம் இல்லை. முதலாளி என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போனை என் பக்கம் திருப்பினார். வரிசையாக நைனா, நைனா, நைனா.

"இத்தினி நைனாவ எங்கடா வச்சிருந்த?" என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"ஒன்னக்கூட அழிக்கல மொதலாளி. எல்லாம் பத்திரமா இருக்குது" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

ரஞ்சனிதான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள்.

ஆகவே, ஸ்டீபனின் கடிதங்களை மறைத்தது நான். மகன் பெயரில் தகப்பனுக்கும் தகப்பன் பெயரில் மகனுக்கும் எழுதியது நான். சாவுச் சேதியை மறைத்து, அவன் உடலைக் கேட்பாரற்றுக் கிடக்க விட்டதும் நான்தான். எதையும் மறுக்கவில்லை. ஆனால் இதையும் சேர்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். கேம்ப் ஆபீஸ் மெயில் வந்த பிறகும் முதலாளிக்கு வாராவாரம் மகனிடமிருந்து கடிதம் வந்துகொண்டுதான் இருந்தது. கிறிஸ்துமசுக்கு ஊருக்கு வருவதாக அவன் எழுதுகிற மெயில் பாதி முடிந்து என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அந்தப் புதுச்சேரிக்காரன் மட்டும் வராமல், சர்வர் எங்கள் பட்டறையிலேயே இருந்திருந்தால், ஸ்டீபன் இன்றைக்கும் உயிரோடு இருந்திருப்பான்.