பக்கத்துத் தோட்டத்து மகரந்தம்

— 'நம்ம தேனீ எல்லாம் ஏம்மா மெர்வின் மாமா தோட்டத்துக்குப் போகுது?'ன்னு என் பொண்ணு ராபின் சின்னதுல கேட்டாளே, ஞாபகம் இருக்கா மெர்வின்?

— இருக்கு இல்மா அக்கா. 'எங்க பூதான் இனிப்பு'ன்னு நான் ஜம்பமா சொன்னேன்.

— நான் உண்மையைச் சொன்னேன். 'நம்ம ஆப்பிள் மரமெல்லாம் ஒரே ஜாதி. அதோட மகரந்தம் அதுக்கே உதவாது. மாமா தோட்டத்து மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்தாத்தான் நமக்குக் காய் பிடிக்கும்'னு. இப்ப உன்னோட அந்த மரத்தையெல்லாம்தான் பிடுங்கப் போறேங்கறே.

— வியாழக்கிழமை புல்டோசர் வருது அக்கா. ஆப்பிள் மரத்தைப் பிடுங்கறதுக்கு அரசாங்கம் தர்ற மானியத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். ஒரு மரம் நின்னாலும் அதிகாரி தர மாட்டார்.

— பூக்கப் போற சமயம்டா இது. பூத்து முடியட்டுமே.

— கெஞ்சிப் பார்த்தேன். கெடு முடியுதாம். இங்கிலாந்துக்காரன் நம்ம ஆப்பிளே வேண்டாங்கறான். மூணு வருஷமா பழத்தைப் பள்ளத்துலதான் கொட்டறேன்.

— மத்தவங்க எல்லாம் அப்பவே மானியம் வாங்கிட்டு மரத்தைச் சாய்ச்சுட்டாங்க. நீ மட்டும் ஏன் இழுத்தே?

— மனசு வரல.

— இப்ப மட்டும் வந்துடுச்சாக்கும்! என் பழத்தை ஜூஸுக்காவது எடுத்துக்கறாங்க. இந்த வருஷம் காய்க்கலேன்னா ராபின் என்னை ஹோபார்ட் டவுனுக்கு, அவ வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுவா. மூணாவது மாடி. கால் வைக்க மண்ணே கிடையாது.

— தெரியும் அக்கா.

— என்ன தெரியும்? காட்டுத்தீ வந்தப்ப என் வீட்டுக்காரர் எங்க கொட்டகையை எரிய விட்டுட்டு உன் மரத்துக்குத்தான் தண்ணி அடிச்சார். அது தெரியுமா?

— கிளாரி அண்ணனை மறந்தா நான் மனுஷனே இல்ல.

— சரி, மூஞ்சியை அப்படி வச்சுக்காதே. கேக்கைச் சாப்பிடு. கோபம் வர்றதுக்கு முன்னாடியே சுட்டதுதான்.

\*

— மெர்வின்! வேலிகிட்ட வா. மரமெல்லாம் போன பிறகு சர்ச்சுலகூட நீ என் பக்கம் திரும்பறதில்ல.

— எந்த முகத்தோட அக்கா திரும்பறது?

— கர்த்தர் கொடுத்த முகம் ஒண்ணுதானே, அதோடதான். என் மரத்தைப் பாரு. எல்லாம் வெள்ளையாப் பூத்திருக்கு. ஒவ்வொண்ணோட உச்சியிலயும் ஒரு கிளை மட்டும் ரோஸ். அது உன் தோட்டத்துப் பூ.

— அட! பறவை ஏதாவது விதையைப் போட்டிருக்கும்.

— பறவை கிளையைச் சீவி, ஒட்டுக் கட்டி, மெழுகும் பூசுமா? இடுப்பு வலியோட நேத்து ஏணி போட்டு ஏறிட்டேன். நான் விழுந்ததிலேர்ந்து என் மரத்துல ஏறிக் கிளை கழிக்கிறவன் நீ ஒருத்தன்தான்.

— நீங்க ஏன் ஏணி ஏறினீங்க? மறுபடி விழுந்தா?

— பேச்சை மாத்தாதே. அன்னிக்கு உன்னை என்னவெல்லாம் பேசினேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— பூவைக் கண்ணால பார்க்காம என்னத்தச் சொல்றது? தேனீ வருதா அக்கா?

— வருது. கூட்டங்கூட்டமா வருது. ஆனா ஒட்டு என் கட்டைவிரலைவிடத் தடிச்சிருக்கே மெர்வின், கட்டி மூணு வருஷமாவது இருக்குமே. பழத்தை வருஷா வருஷம் பள்ளத்துல கொட்டிக்கிட்டு, இது பூக்கத்தானா நீ காத்துக்கிட்டிருந்தே?